தீவுக் கப்பலின் குளிர் அறை

சுபைர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். கப்பலில் என் கீழே கேபின் வேலை பழகியவன். இப்போது எர்ணாகுளத்தில் ஆட்களைக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறான். கொச்சித் துறைமுகமான வெலிங்டன் தீவில் வந்து நிற்கிற கப்பல்கள் இப்போது ஊரையே மறைத்துவிடுகின்றன. அவற்றில் ஏறுவதற்கு ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்களாம்.

"இக்கா, பாவங்க, அவங்களுக்குக் கப்பல்ல எப்படி நடக்கணும், எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு ஒண்ணும் அறியாது. நீங்க தமிழ்ல நல்லா எழுதுவீங்கல்லே? கொஞ்சம் எழுதித் தாங்க. நான் அச்சடிச்சு டிக்கெட்டோட கொடுக்கறேன்" என்றான்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவன். வாப்பா கம்பத்திலிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு வந்தவர். தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ். எழுதித் தருகிறேன் என்று சுபைரிடம் சொல்லிவிட்டேன். சொன்னபடி உட்கார்ந்து எழுதவும் செய்தேன்.

கப்பலில் ஏறியதும் முதலில் பழக வேண்டியது கைப்பிடி. நடக்கும்போது ஒரு கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும். கப்பல் சாயும்போது அந்தக் கைதான் உங்களைக் காப்பாற்றும். கேபின் கதவின் நிலையில் விரல் வைத்து நின்று பேசாதீர்கள். கடல் ஒரு தள்ளு தள்ளினால் அந்த இரும்புக் கதவு விரலைத் துண்டாக்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன். குமட்டல் வந்தால் வயிற்றைக் காயப் போடாதீர்கள். காய்ந்த ரொட்டி தின்றுவிட்டு மேல்தளத்துக்குப் போய் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள், புத்தகம் படிக்காதீர்கள். சாப்பாட்டு ஹாலில் முதல் நாள் காட்டிய நாற்காலிதான் கடைசி வரை உங்களுடையது, ஜன்னல் ஓரம் என்று அடுத்தவர் இடத்தில் உட்காராதீர்கள். பரிமாறுகிறவனை விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். அவனுக்குப் பெயர் உண்டு. படகில் இறங்கும்போது பையை மாலுமியிடம் கொடுத்துவிடுங்கள். அவன் உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பான். அவன் விரலை நீங்கள் பிடிக்க வேண்டாம், வழுக்கிவிடும்.

இதெல்லாம் தடையில்லாமல் வந்தது. அடுத்து மருந்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அங்கே நின்றுவிட்டேன். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஒரு முழுப் பயணத்தைச் சொல்லியாக வேண்டும். சுபைரின் காகிதத்தில் அதற்கு இடம் இருக்காது. அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்குப் போய்வந்த ஒரு பழைய கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். தனியார் கம்பெனி ஒன்று வாடகைக்கு எடுத்து ஓட்டிய கப்பல். கீழ்த்தளத்தில் தீவுக்காரர்களும் அரிசி மூட்டைகளும், மேல்தளத்தில் கேபின் பயணிகள். பிறகு தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று உல்லாசப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். என்னைக் கேபின்களுக்கு மாற்றினார்கள். மாற்றியவர் சேவியர் சார்.

அவர்தான் தலைமை ஸ்டூவர்ட். பயணிகளின் சாப்பாடு, படுக்கை, ஏறுவது, இறங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஃபோர்ட் கொச்சிக்காரர். தூத்துக்குடிக் கப்பல்களில் வேலை பார்த்ததால் மலையாள இழுப்போடு தமிழ் பேசுவார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்திக் கேட்டதில்லை. கேபின் கதவை இரண்டு முறை தட்டி, தன் பெயரைச் சொல்லி, உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தாலும் தட்டுவார். "சிக்கந்தரே, டிக்கெட் எடுத்தப்புறம் அது அவரோட வீடு. நீ வேலைக்காரன்" என்பார். பயணிகளிடம் பொய் சொல்ல மாட்டார். சொல்ல முடியாததைச் சொல்லாமல் விடுவார், அவ்வளவுதான். எங்களையும் பொய் சொல்ல விடமாட்டார். அழுக்குத் துண்டை அதட்டாமல் கையில் எடுத்து நம் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைவிட அதட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். மழைக்கு முந்தைய கடைசிப் பயணம். தீவுகளுக்கு மழைக்கால அரிசி அதில்தான் போக வேண்டும். மேலே உல்லாசப் பயணிகள் நிறைய.

ஈரோட்டிலிருந்து பழனிசாமி என்பவரும் அவர் மனைவி வள்ளியம்மாளும் வந்திருந்தார்கள். அவர் மஞ்சள் மண்டி வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். கடலையே பார்த்திராத மனிதர். கேபினுக்குள் நுழைந்ததும் வட்டமான ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் தம்பி, ராத்திரி இந்தத் தண்ணி உள்ள வந்துறாதுங்களா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"வராதும்மா. திருகு போட்டு மூடியிருக்கு."

"நீ சும்மா இரு வள்ளி. வந்தா வரட்டும், நீச்சல் கத்துக்கலாம்" என்று அவர் திரும்பாமலே சொன்னார்.

ஏறும்போது கப்பல் டாக்டர் எல்லாரையும் போல அவரையும் கேட்டார்: ஏதாவது நோய் உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா? ஒன்றும் இல்லை என்றார் அவர். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். பயணிகளின் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் தீவுக்கு வெளியே கப்பல் நின்றது. பவளப்பாறைக்குள் கப்பல் போகாது. படகில்தான் இறங்க வேண்டும். எல்லாரும் போனார்கள். உச்சி வெயிலில் அவர்கள் இருவர் மட்டும் முதல் படகில் திரும்பிவிட்டார்கள். பழனிசாமியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கேபினில் படுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஓடிவந்தார்.

"மருந்து இருக்குங்க. பெரிய பெட்டியில இருக்குங்க" என்று அந்த அம்மா கத்தினார்.

பெரிய பெட்டி கேபினில் இல்லை. பெரிய பெட்டிகளை அடியில் உள்ள சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நான் சாவி வாங்கி, மூட்டைகளைப் புரட்டி, பெட்டியைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது டாக்டர் வாசலில் நின்று, முடிந்துவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்த அம்மா என் கையிலிருந்து பெட்டியை வாங்கித் திறந்து, மாத்திரையை எடுத்து, அவர் உதட்டருகே பிடித்துக்கொண்டே இருந்தார். "நோவு இருக்குன்னு சொன்னா ஏத்த மாட்டாங்கன்னு சொல்லிட்டாருங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்னாருங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள். டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சுபைருக்கு நான் எழுத வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

கேப்டன் ரேடியோவில் கரையோடு பேசினார். பயணத்தை நிறுத்தித் திரும்பக் கூடாது என்று பதில் வந்தது. வானம் இன்னும் சில நாள்தான் தாங்கும். மற்ற தீவுகளுக்கு அரிசி இறக்கியாக வேண்டும். தீவிலேயே அடக்கம் செய்யலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்கச் சொன்னார்கள். சேவியர் சார்தான் கேட்டார். கதவைத் தட்டி, பெயர் சொல்லி, உள்ளே போய், உட்காராமல் நின்றபடி கேட்டார்.

"பையன் கொள்ளி வைக்கணுங்க. ஊருக்குக் கொண்டு போயிருங்க சாமி" என்று அந்த அம்மா கும்பிட்டார்.

மே மாத வெயில். கப்பலில் இருந்தது ஒரே ஒரு குளிர் அறை. இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் அதற்குள்தான்.

பயணிகள் கரையில் இருந்தபோதே சேவியர் சார் வேலையை முடித்தார். தலைமைச் சமையற்காரர் கையை விரித்துக்கொண்டு கத்தினார்: "இத்தனை இறைச்சியை எங்கே கொண்டு வைக்கறது சேவியரே?" சார் இறைச்சியையும் மீனையும் தீவுப் படகுகளில் இறக்கி ஊருக்குக் கொடுத்துவிடச் சொன்னார். காய்கறிகள் பின்தளத்தில் ஈரச் சாக்குக்குள் போயின. தொங்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தார். சுவரையும் தரையையும் கொதிநீரால் கழுவ வைத்தார். முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த புதிய வெள்ளை விரிப்புகளை எடுத்து நான்கு சுவரையும் மறைத்துக் கட்டினார். அலமாரிப் பலகையை இறக்கி மெத்தை போட்டு அதன்மேல் ஒரு விரிப்பு. உள்ளிருந்து கதவைத் திறக்கும் பிடி வேலை செய்கிறதா என்று தானே உள்ளே நின்று மூடித் திறந்து பார்த்தார். கடைசியாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"நாற்காலி எதுக்கு சார்?"

"அந்த அம்மா பார்க்கணும்னு கேக்கும்."

கேபினில் அந்த அம்மா ஈரத் துண்டால் அவரைத் துடைத்து, நெற்றியில் திருநீறு பூசினார். நான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு நாங்கள் நான்கு பேர் தூக்கிப்போனோம். சார் முன்னால் நடந்தார், திருப்பங்களில் மட்டும் மெல்ல "இடது", "படி" என்று சொல்லிக்கொண்டு.

பயணிகளுக்குச் சொல்ல வேண்டாம் என்பது கேப்டன் உத்தரவு.

மறுநாள் காலையே அந்த அம்மா கேட்டார். நான் என் கம்பளிச் சட்டையையும் ஒரு போர்வையையும் கொடுத்துக் கீழே கூட்டிப்போனேன். வேலையாட்கள் மட்டும் போகிற வழி அது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே நின்றேன். அழுகைச் சத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பேச்சுதான் வந்தது.

"ஏனுங்க, இன்னைக்கு ரெண்டாவது தீவுங்க. தண்ணி நம்ம வாழைக் குருத்துப் பச்சை இருக்குதில்லீங்க, அப்படி இருக்குதுங்க. மணலு வெள்ளையா, கல்லு உப்பாட்டம். பொம்பளைங்க எல்லாம் தலையில துணி போட்டுக்கிட்டு கரையில நின்னு கப்பலப் பாக்கறாங்க…"

கேபின் ஜன்னலில் நின்று பார்த்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சொன்னார். கணவர் பார்க்க ஆசைப்பட்டு வந்த பயணம் அல்லவா. தினமும் காலை அப்படித்தான். குளிரில் அதிக நேரம் இருக்கக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். நான் கதவைத் தட்டினால் உடனே எழுந்து வந்துவிடுவார். விரல்கள் நீலம் பாய்ந்திருக்கும்.

மேலே, சாப்பாட்டு ஹாலில் முணுமுணுப்பு தொடங்கியிருந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கருவாடு. அடுத்த வேளை அதேதான். சென்னையில் ஜவுளிக்கடை வைத்திருந்த வரதராஜன் என்பவர் குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்திருந்தார். முதல் நாளிலிருந்தே மேல்தளத்தில் பாட்டு, விளையாட்டு எல்லாம் அவர் ஏற்பாடுதான். நல்ல மனிதர், எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் காசு கொடுத்ததைக் கேட்டு வாங்குகிற ஆள்.

"என்னய்யா இது? மீனு, கறி, ஐஸ்கிரீம்னு எல்லாம் சொல்லித்தானே டிக்கெட் வித்தீங்க? ஜெயில் சாப்பாடு போடறீங்க?"

"குளிர் அறை இப்ப உபயோகத்துல இல்ல சார். மன்னிக்கணும்" என்றார் சேவியர் சார். பழுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

யாரோ ஒருவர், முதல் தீவில் கப்பலிலிருந்து இறைச்சி படகில் இறங்கியதைப் பார்த்திருந்தார். அது வரதராஜன் காதுக்குப் போயிற்று. கப்பல்காரர்கள் பயணிகளின் சாப்பாட்டைத் தீவில் விற்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

கடைசித் தீவை விட்டுக் கிளம்பிய காலை. அந்த அம்மா உள்ளே இருந்தார். நான் வெளியே நின்றேன். படியில் காலடிச் சத்தம். வரதராஜன், பின்னால் இரண்டு பேர்.

"சார், இந்தப் பக்கம் பயணிங்க வரக் கூடாது சார்."

"வரக் கூடாதா? ஏன், வந்தா தெரிஞ்சு போயிடுமா? மெஷின் ஓடற சத்தம் கேக்குது. உபயோகத்துல இல்லையாம்! வித்தது போக மீதிக் கறியையும் காயையும் உள்ள பூட்டி வச்சுக்கிட்டு எங்களுக்குக் கருவாடு போடறீங்க. தள்ளுய்யா."

நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். "தயவுசெய்து மெதுவாப் பேசுங்க சார்" என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது.

போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அந்த அம்மா நின்றார். அவருக்குப் பின்னால், வெள்ளை விரிப்புக்கு வெளியே அவர் கணவரின் பாதங்கள் தெரிந்தன. வரதராஜன் இரண்டையும் பார்த்தார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது காய்கறி வைக்கற ரூமுங்களா?"

யார் போய்ச் சொன்னார்களோ, சேவியர் சார் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது.

"ஆமாம்மா. கப்பல்ல வேற அறை இல்ல" என்றார்.

அந்த அம்மா மெல்லத் திரும்பி, சுவரில் கட்டியிருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தகரச் சுவர். கொக்கி மாட்டுகிற கம்பி. விரிப்பை விட்டுவிட்டு, வரதராஜனைக் கும்பிட்டார்.

"எங்களால உங்களுக்கெல்லாம் சோறு தண்ணி கெட்டுப் போச்சுங்களா? தெரியலீங்க. மன்னிச்சுக்கங்க."

வரதராஜன் ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். அவரோடு வந்த இருவரும் சொல்லாமல் இருக்கவில்லை. மதியத்துக்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பாட்டு நின்றது. இரக்கத்தால் நின்றது என்று நினைக்க எனக்கும் ஆசைதான். இரண்டு மூன்று குடும்பங்கள் கப்பல் அடுப்பில் வெந்த எதையும் தொடமாட்டோம் என்று பிஸ்கட் தின்றார்கள். அந்த அம்மாவின் பக்கத்துக் கேபின்காரர்கள் வேறு கேபின் கேட்டார்கள். அவர் நடந்துபோன வழியைக் கழுவச் சொல்லி ஒருவர் என்னிடமே சொன்னார். பொல்லாதவர்கள் இல்லை, ஊரில் சாவு வீட்டுக்குப் போய்க் கூடவே இருந்து எல்லாம் செய்கிற மக்கள்தான். விடுமுறைக்கு என்று வந்த இடத்தில் சாவைப் பார்க்க அவர்களுக்கு மனசு இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அந்த அம்மா ஹாலுக்கு வந்துவிட்டார். அதுவரை கேபினுக்குத்தான் கஞ்சி கொண்டுபோவேன். "எல்லாருக்கும் என்னால கஷ்டம். எனக்கு மட்டும் தனியா எதுக்குங்க" என்றார். முதல் நாள் காட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி. அந்த மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடுத்த மேசையிலும் சிலர். தட்டுகள் பாதிச் சோற்றோடு நின்றன.

வரதராஜன் தன் மேசையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. தட்டுத் தூக்கிப் பரிமாறாத சேவியர் சார் அன்று தானே சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். வரதராஜன் பிசைந்த சோற்றை விழுங்கச் சிரமப்பட்டார். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் கொச்சி. கப்பலைக் கரையில் கட்டுவதற்கு முன்பே கம்பெனி ஏஜென்ட் படகில் ஏறி வந்துவிட்டார். கீழே வார்ஃப் மேடையில், தந்தி கிடைத்து வந்த மகன் ஒரு வேனோடு நிற்பது தெரிந்தது.

"பயணிகள் கண்ணில் படக் கூடாது. அவங்க கேங்வே படியில இறங்கட்டும். பாடியை கார்கோ வாசல் வழியா கிரேன்ல இறக்கிடுங்க. கிரேன் ரெடி" என்றார் ஏஜென்ட்.

"இல்ல சார்" என்றார் சேவியர் சார். "ஏறின வழியாவே இறங்கட்டும்."

"சேவியர், இது உத்தரவு."

"சுகமில்லாதவங்க முதல்ல இறங்கறது கப்பல் வழக்கம் சார். அவரு முதல்ல இறங்கட்டும். மத்தவங்க கொஞ்சம் நிக்கட்டும்."

ஏஜென்ட் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கடலைப் பார்த்தார்.

பயணிகள் மேல்தளத்து வெயிலில் பெட்டிகளோடு நிறுத்தப்பட்டார்கள். ரயில் போய்விடும் என்று சிலர் சத்தம் போட்டார்கள். சேவியர் சார் விழாவுக்குப் போடுகிற வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு கேங்வே தலைப்பில் நின்றார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் 'மறுபடியும் வரணும்' என்று சொல்வது அவர் வழக்கம். அன்று காலையே என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார்: "உங்க தமிழாளுங்க இந்த மாதிரி நேரத்துல போறவங்ககிட்ட என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். சாவு வீட்டுல சொல்லாமப் போறதுதான் முறை."

ஸ்ட்ரெச்சர் வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார். சார் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு நொடி நின்று, சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார். கீழே மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டபோதுதான் முதல் தடவையாக அவர் அழுகிற சத்தத்தைக் கேட்டேன். மேலே வெயிலில் நின்றவர்கள் அதன்பிறகு சத்தம் போடவில்லை.

ஆனால் கம்பெனிக்குப் புகார்கள் போயின. கெட்டுப்போன விடுமுறை, பிணத்தோடு சேர்ந்த சாப்பாடு, வெயிலில் நிறுத்தியது என்று. ஆபீசில் விசாரணை வைத்தார்கள். நானும் வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

"உயிர் போனதுக்கப்புறம் அது பாடி. கார்கோ. எதுக்காகக் கேங்வேயில இறக்கின?" என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

"கொச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தாரு சார். கொச்சி வரைக்கும் அவரு நம்ம பாசஞ்சர்."

அவரைக் கப்பலிலிருந்து இறக்கி, மட்டாஞ்சேரியில் கப்பலுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கிடங்கில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை வெள்ளை உடுப்பு போடவில்லை. புதிதாக வந்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் தட்டுவதும் கதவைத் திறப்பதும் ஒரே சமயத்தில் செய்வார்.

பயணம் முடிந்து கரையில் இருக்கும்போதெல்லாம் கிடங்குக்குப் போய் சாரைப் பார்த்துவருவேன். சாக்குத் தூசியில் அவருக்கு இருமல் வந்துவிட்டிருந்தது. ஒருநாள், கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சார், அன்னைக்கு அந்த ஏஜென்ட் சொன்னபடி கார்கோ வாசல் வழியா இறக்கியிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டாமே?"

அவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அழுகியதைத் தனியே போட்டுக்கொண்டே சொன்னார்:

"கிரேன்ல இறக்கணும்னா அரிசி மூட்டை தூக்கற வலையில கட்டணும் சிக்கந்தரே. அது காத்துல சுத்தும். அந்த அம்மா கீழ நின்னு மேல பார்த்துக்கிட்டிருப்பாங்க."

பிறகு அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தார்.